இமைத் தொல்லையும் மிசின் பூத்தையலும்

இமையின் விளிம்பில், ரோம வரிசைக்குச் சற்று உட்புறமாக, எண்ணெய் சுரக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். 1666இல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. கண் சிமிட்டும்போதெல்லாம் இவற்றிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, கண்ணீர் காய்ந்துபோகாமல் காக்கிறது. அந்த எண்ணெய் கெட்டிப்பட்டுத் துவாரத்தை அடைத்துக்கொண்டால் இமைத் தொல்லை தொடங்குகிறது.

தொல்லை பல உருவங்களில் வரும். விளிம்பு சிவந்து, அரித்து, காலையில் ரோமங்கள் பீளையோடு ஒட்டிக்கொண்டால் அது இமை அழற்சி. பாக்டீரியா தொற்றிச் சிவந்து வலிக்கும் சிறு கட்டிதான் நம்மவர்கள் கண்கட்டி என்பதும், மலாய்க்காரர்கள் கெதும்பிட் என்பதும். வலியில்லாமல் இமைக்குள் உருண்டையாகத் தட்டுப்படுவது சலாசியன். அடைபட்ட எண்ணெய் உள்ளேயே தங்கிவிடுவதால் உண்டாவது. சிலருக்கு ரோமக்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி பெருகுவதும் காரணமாகிறது. ரோசேசியா என்ற தோல் நோயும் இமையைத் தாக்கும். கறுத்த தோலில் அதன் சிவப்பு எளிதில் தெரியாததால் நம்மவர்களிடம் அது கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது.

இமை அழற்சி உள்ளவர்களுக்கு ஒரு கட்டி ஆறினாலும் சுரப்பிகளின் போக்கு மாறுவதில்லை. அதனால்தான் சில மாதங்களில் அதே தொல்லை மறுபடி தலைகாட்டுகிறது. இதை ஒரே மருந்தில் ஒழித்துவிட முடியாது. பல் துலக்குவதுபோல் அன்றாடம் பராமரித்தால் அடக்கி வைக்கலாம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தின் தெற்கில், மூடா ஆற்றை ஒட்டிய திகாம் பத்து முதல் சுங்கை பட்டாணி, பீடோங் வரையுள்ள தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் கண்ணை உறுத்தும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வெக்கை, வியர்வை, அறுவடைக்குப் பின் நெல் வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகை, சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வந்து சூழும் புகைமூட்டம் எல்லாமே இமையை எரிச்சலூட்டும். இவற்றோடு, முகத்துக்கு நேராகச் சுழலும் மேசை விசிறியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க அந்தக் காற்று கண்ணீரை உலர்த்திக்கொண்டே இருக்கும். கண்கட்டி அடிக்கடி வருகிறவர்கள் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது.

இந்த வட்டாரத்துப் பெண்களின் கைத்திறன்களில் மிசின் பூத்தையலுக்குத் தனி மதிப்பு உண்டு. சிங்கர் கம்பெனி மலாயாவில் தவணை முறையில் விற்ற மிதி மிசின்களில், உடுப்புத் தைத்த அதே ஊசியால் பூவும் கொடியும் பின்னப்பட்டன. ஆற்றுக்கு அப்பால் பினாங்கில் நியோன்யா கெபாயா என்ற மேலாடையின் ஓரங்களில் காணும் நுட்பமான துளை வேலையும் இத்தகைய மிசினில் வளர்ந்த கலையே. மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் கூட்டாக முன்மொழிந்த கெபாயா, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

மிதி மிசினில் பூப்போடத் துணியைத் தள்ளும் பற்களை மூடிவிட்டு, அழுத்தும் காலையும் கழற்றிவிடுவார்கள். துணியை வளையத்தில் இறுக்கிப் பூட்டி, ஊசி ஏறி இறங்கும் வேகத்துக்கு ஏற்ப இரு கைகளாலும் வளையத்தை நகர்த்த வேண்டும். ஒரு இழை விலகினாலும் இதழின் வளைவு கெட்டுவிடும். இதனால் தைப்பவரின் பார்வை ஊசி முனையை விட்டு அகலுவதில்லை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை சிமிட்டும் கண், இப்படிப்பட்ட கூர்ந்த வேலையில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சிமிட்டல் குறைந்தால் எண்ணெய் பரவாது. ஏற்கெனவே அடைப்புள்ள இமை இன்னும் மோசமாகும். மிசினில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்று பெரியவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. பூத்தையல் இமை நோயை உண்டாக்குவதில்லை. இருக்கும் நோயின் எரிச்சலையும் வறட்சியையும் கூட்டுகிறது. ஆகவே மிசினை விற்றுவிடத் தேவையில்லை, உட்காரும் முறையை மாற்றினால் போதும். ஆசையாகக் கற்ற ஒரு கலையை இமை வீக்கத்துக்காகக் கைவிடச் சொல்வது அநியாயமான யோசனை.

விசிறியை முகத்துக்கு நேராக வைக்காமல் முதுகுப் பக்கமோ காலடியிலோ வைக்கலாம். விளக்கொளி பக்கவாட்டில் இருந்து ஊசி மேல் விழ வேண்டும். ஒவ்வொரு இதழ் முடிந்ததும் கண்ணை முழுமையாக மூடித் திறந்து, சன்னலுக்கு வெளியே தொலைவில் சற்று நேரம் பார்க்க வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போன்ற வேலைகளைப் பகல் வெளிச்சத்துக்கு ஒதுக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் அருகில் பார்ப்பதற்கான கண்ணாடி அணிந்தால் கண்ணைச் சுருக்கிப் பார்க்கவோ கசக்கவோ நேராது; ஊசி முறிந்து தெறித்தாலும் காப்பாக இருக்கும். நூல் பிசிறும் மிசின் எண்ணெயும் பட்ட விரலால் இமையைத் தொடவே கூடாது. அடித்துணியை ஒட்டுவதற்கான பசைத் தெளிப்பானை வேறு அறையில் அடிப்பது நல்லது.

கணினி மிசின் இமை நோயாளிகளுக்கு ஒரு வரம். 1990இல் ஜப்பானின் ஜனோமி நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கு இத்தகைய மிசினைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில், 12,000 தையல் கொண்ட ரவிக்கைப் பூவை அது தைக்க 20 நிமிடம் ஆகும். வண்ணம் மாற்றவும் அறுந்த நூலைக் கோக்கவும்தான் கண் வேண்டும். மற்ற நேரத்தில் பார்வையை ஊசியிலிருந்து விலக்கலாம்.

பராமரிப்பில் முதன்மையானது வெதுவெதுப்பான ஒத்தடம். பொறுக்கும் சூடுள்ள நீரில் நனைத்த சுத்தமான துணியை, மூடிய இமையின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மறுபடி மறுபடி நனைப்பது அவசியம். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவினால் இளகிய எண்ணெய் வெளியேறும். கடைசியில் விளிம்பைச் சுத்தமான ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தொல்லை மிகுந்த நாளில் இருமுறையும், தணிந்த பிறகு ஒருமுறையும் செய்வது வழக்கம். உள்விளிம்பில் மை தீட்டினால் சுரப்பி வாய் அடைபடும். கட்டியைப் பிதுக்குவதும், தாய்ப்பால் விடுவதும் தொற்றைப் பரப்பக்கூடும். நாமக்கட்டி உரசிப் போட்டாலும் உள்ளே இருக்கும் அடைப்பு விலகாது.

மருத்துவர் தரும் கண் களிம்பு பார்வையை மங்கச் செய்யும். எனவே அதைத் தையலுக்கு முன் போடாமல் படுக்கும்போது போடுவதே சரி. சிலருக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்கள் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. மாதக்கணக்கில் கரையாத சலாசியனை, இமையை மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் உட்புறமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். அதனால் வெளியே தழும்பு தெரியாது.

வீக்கம் இமை முழுவதும் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுத்தர வயதைக் கடந்தவருக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்து, அங்கே ரோமமும் உதிர்ந்தால் அதைச் சாதாரணக் கட்டியாக எண்ணிவிடக் கூடாது. எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் அப்படித்தான் வேடமிட்டு வரும். சதையைச் சோதித்தே உறுதி செய்ய முடியும். திகாம் பத்து வட்டாரத்தில் உள்ளவர்கள் முதலில் அரசு சுகாதாரக் கிளினிக்கில் காட்டி, தேவையானால் பரிந்துரைக் கடிதத்தோடு சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் செல்லலாம்.