ஓவியக் கண்ணும் விஞ்ஞானக் கணக்கும்

கலை உள்ளத்தைச் சார்ந்தது, விஞ்ஞானம் அறிவைச் சார்ந்தது, ஒன்றுக்கு மற்றொன்று அயல் என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மாணவரைக் கலைப் பிரிவென்றும் விஞ்ஞானப் பிரிவென்றும் பிரித்து உட்கார வைக்கிறோம். அன்றுதொட்டு ஒருவன் எண்ணுவதை மறக்கிறான். மற்றவன் வரைவதை மறக்கிறான். இப்பிரிவினை நமக்கு மட்டும் உரியதன்று. 1959 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் சொற்பொழிவாற்றிய சி. பி. ஸ்னோ என்பார், இலக்கியம் கற்றோரும் விஞ்ஞானம் கற்றோரும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத இரு கூட்டத்தாராகிவிட்டனர் என்று வருந்தினார். அவர் விஞ்ஞானியாகவும் நாவலாசிரியராகவும் விளங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஐரோப்பாவில் இன்று இவ்விரு கூட்டத்தாரையும் ஒன்றுசேர்க்கும் முயற்சிகள் பல நடைபெறுகின்றன. மூன்றாமவராகச் சாதாரணப் பொதுமக்களும் வந்து சேர்ந்துள்ளனர். அவர்கள் ஆராய்ச்சியிற் பங்கு கொள்வதைக் குடிமக்கள் விஞ்ஞானம் என்பர். இக்கூட்டுறவு வெறும் அலங்காரமா, அன்றி அவசியமா? சிறு பூச்சிகளின் வரலாற்றைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

புழுவை வரைந்த பெண்மணி

மரியா சிபில்லா மேரியன் என்னும் பெண்மணி 1647 இல் ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரிற் பிறந்தார். ஓவியரான மாற்றாந் தந்தையாரிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். சேற்றிலிருந்தும் அழுகிய பொருளிலிருந்தும் பூச்சிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. மேரியனோ பதின்மூன்று வயதிலேயே பட்டுப் புழுக்களை வளர்த்து, அவை கூடு கட்டிச் சிறகு பெறுவதை நாள்தோறும் கவனித்தார். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய நிலைகளையும், அப்புழு உண்ணும் செடியையும் ஒரே படத்தில் அமைத்தார். 1699 இல், ஐம்பத்திரண்டாவது வயதில், தம் மகளுடன் தென் அமெரிக்காவிலுள்ள சுரிநாமுக்குக் கப்பலேறினார். அங்கு கண்டவற்றை 1705 இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளியிட்டார். உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகுத்த லின்னேயசும் பிற்காலத்தில் அப்படங்களை ஆதாரமாகக் கொண்டார். பல்கலைக் கழகத்தின் வாயிற்படியை மிதியாத அப்பெண்மணிக்குத் தூரிகையே ஆராய்ச்சிக் கருவியாயிற்று.

கண் கண்டது, கணக்கு எங்கே?

ஆயினும் கண் ஒன்றே போதுமா? 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, கதிரியக்கத் தூசு காற்றில் மிதந்து சுவீடன் வரை சென்று வீழ்ந்தது. அப்போது கோர்னேலியா ஹெஸ்ஸே-ஹோனெக்கர் என்னும் சுவிஸ் பெண்மணி சூரிச் பல்கலைக் கழகத்தில் உயிரியல் ஆய்வுகளுக்குப் படம் வரையும் தொழிலில் இருந்தார். ஆய்வுகூடத்தில் உருத் திரிந்த ஈக்களை வரைந்து பழகிய கண் அவருடையது. 1987 இல் சுவீடனுக்குச் சென்று இலைகளில் வாழும் சிறு பூச்சிகளைத் தேடினார். உணர்கொம்பு குறுகியனவும் சிறகு கோணியனவுமான பல பூச்சிகளைக் கண்டு வரைந்தார். 1988 இல் அப்படங்கள் சுவிஸ் வாரச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தபோது வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன.

விஞ்ஞானிகள் பலர் அவரது முடிவை ஏற்கவில்லை. இத்துணைச் சிறிய அளவுக் கதிரியக்கம் இவ்வாறு செய்யாது என்றனர். கதிரியக்கம் விழாத இடத்துப் பூச்சிகளுடன் முறையாக ஒப்பிட்டாலன்றி எதுவும் நிறுவப்பட்டதாகாது என்றனர். பின்னது நியாயமான வினாவே. அவரும் பிற்காலத்தில் அணு நிலையங்களின் அயலிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான பூச்சிகளைச் சேகரித்து, 2008 இல் ஆராய்ச்சி இதழொன்றில் கணக்குடன் வெளியிட்டார். வாதம் அதனோடு முற்றுப் பெறவில்லை. எனினும் வினாவை முதலில் எழுப்பியது ஓர் ஓவியக் கண். அதை நிறுவும் வழி எதுவென்று காட்டியது விஞ்ஞான முறை. இரண்டும் தொடக்கத்திலேயே கைகோத்திருந்தால் எத்துணை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்!

போத்தல்களில் அடைபட்ட 27 ஆண்டுகள்

அத்தகைய முறையைப் பொறுமையுடன் கையாண்டோர் ஜேர்மனியின் கிரேபெல்ட் நகரத்துப் பூச்சியியற் சங்கத்தார். 1905 இல் தோன்றிய இச்சங்கத்தில் வேறு தொழில் செய்துகொண்டே பூச்சிகளைப் பயிலும் ஆர்வலர் பலர் இருந்தனர். 1989 முதல் 2016 வரை 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், கூடாரம் போன்ற ஒரே வகை வலைப்பொறியை ஒரே விதமாக அமைத்தனர். அகப்பட்ட பூச்சிகளை மதுசாரப் போத்தல்களில் இட்டு நிறுத்தனர். நாளும் இடமும் குறித்தனர்.

பின்னர் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக் கழகத்து ஆய்வாளர் அக்கணக்கை ஆராய்ந்தனர். 2017 ஒக்டோபரில் வெளியான முடிவு உலகைத் திடுக்கிட வைத்தது. பறக்கும் பூச்சிகளின் மொத்த நிறை 27 ஆண்டுகளில் நூற்றுக்கு 76 பங்கு குறைந்திருந்தது. வானிலை மாற்றத்தால் மட்டும் அதனை விளக்க முடியவில்லை. பூச்சி குறைந்தால் மகரந்தம் சேர்வது எங்ஙனம்? குஞ்சுக்குப் பறவை எதை ஊட்டும்? 2019 இல் பவேரியா மாநிலத்தில் தேனீக்களைக் காக்கச் சட்டம் வேண்டி 17 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டிலேயே சட்டசபை அதனை ஏற்றது.

யன்னல்தோறும் ஓர் ஆய்வுகூடம்

ஆர்வலர் சிலரால் இவ்வளவு இயலுமாயின், ஊரே திரண்டால் என்ன ஆகும்? பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 2018 இல் இது பரீட்சிக்கப்பட்டது. அன்ற்வேர்ப் பல்கலைக் கழகமும் சுற்றாடற் திணைக்களமும் ஒரு பத்திரிகையும் கூடி, 'ஆவல்மிக்க மூக்குகள்' என்று பொருள்படும் பெயரில் இம்முயற்சியைத் தொடங்கின. 20,000 பேர் தத்தம் வீட்டின் தெருப்பக்க யன்னலில் சிறு குழாய்கள் பொருத்திய பலகையொன்றை ஒரு மாதம் மாட்டி வைத்தனர். வீடு விற்பனைக்கு என அறிவிக்கும் பலகையின் சாயலில் அது அமைந்திருந்தமையால் தெருவிற் செல்வோர் யாவர் கண்ணிலும் பட்டது. மோட்டார் வாகனப் புகையிலுள்ள நைதரசனீரொட்சைட்டைக் குழாய்கள் பற்றிக்கொண்டன. இருமருங்கும் உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய ஒடுங்கிய தெருக்களில் நஞ்சு தேங்கி நிற்பது தெருத்தெருவாகத் தெரியவந்தது. அரசாங்க நிலையங்கள் சிலவற்றால் மட்டும் இத்துணை நுணுக்கமான படம் கிடைத்திராது.

லின்ஸ் நகரின் முன்மாதிரி

இவை யாவற்றுக்கும் ஒரு பொது முற்றம் போல விளங்குவது ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரம். டான்யூப் நதிக்கரையிலுள்ள இவ்வுருக்குத் தொழில் நகரில், 1979 இல் ஆர்ஸ் எலெக்ட்ரோனிக்கா என்னும் விழா தொடங்கியது. அந்நகரத் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த புரூக்னரின் எட்டாவது சிம்பனி, ஆற்றங்கரைப் பூங்காவில் ஒலிபெருக்கிகள் வழியே முழங்கியது. மக்கள் தம் வானொலிப் பெட்டிகளை யன்னலில் வைத்து அவ்விசையை நகரெங்கும் பரப்பினர். கேட்க வந்தோரே இசைப்போரும் ஆயினர்! கலையும் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் இணைந்த ஆக்கங்களுக்கு ஐரோப்பிய ஆணைக்குழு 2016 முதல் வழங்கும் பரிசும், 2023 இல் முதன்முறையாக வழங்கப்பட்ட குடிமக்கள் விஞ்ஞானப் பரிசும் இவ்விழாவுடன் தொடர்புடையன.

இக்கூட்டுறவிலும் இடர் இல்லாமலில்லை. ஓவியனை அறிக்கைக்கு அட்டைப்படம் வரைபவனாகவும், பொதுமக்களைக் கூலியில்லா வேலையாளாகவும் கருதினால் அது கூட்டுறவாகாது. மேரியனைப் போல் வினாவை எழுப்பவும், கிரேபெல்ட் சங்கத்தாரைப் போல் விடையைத் தாமே தாங்கி நிற்கவும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

நம் பாடசாலைகளில் உயிரியல் மாணவர் கொப்பி நிறையப் படம் வரைகின்றனர். பெரும்பாலும் நூலிலுள்ள படத்தைப் பார்த்தே வரைகின்றனர். கிழமைக்கு ஒரு மணி நேரம் கல்லூரி வளவிலுள்ள ஒரே மரத்தடிக்கு இரு பிரிவு மாணவரையும் அனுப்பலாம். கண்டதை ஒருவன் வரையட்டும், மற்றவன் எண்ணட்டும், இருவரும் நாளைக் குறிக்கட்டும். பெரும் பணம் இதற்குத் தேவையில்லை. அவ்வேட்டை இருபத்தேழு ஆண்டுகள் பேணிக் காக்கும் கல்லூரி எதுவோ, அது தன் ஊரைப்பற்றி வேறெவரும் அறியாத ஒன்றை அறிந்திருக்கும்.