டிக்கெட் மலிவு... கால் வீக்கம் இலவசம்!

சேலத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏரிக்கரையில் இறங்கியதும் வெளியே எடுத்துப் பாருங்கள். பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும்! மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். ஜெட் விமானம் 35,000 அடியில் பறக்கிறது. உள்ளே காற்றை அழுத்தி நிரப்பித்தான் நம்மை உட்கார வைக்கிறார்கள். அப்படியும் உள்ளே இருக்கிற காற்று, 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருக்கிற காற்றுக்குத்தான் சமம். சேர்வராயன் கோயில் உச்சியையும் தாண்டி, ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். பாக்கெட் உப்புகிற மாதிரி வயிறும் உப்பும். காற்றில் ஈரப்பசை மிகக் குறைவு என்பதால் உதடு, மூக்கு, தொண்டை எல்லாம் வறளும்.

இது இயற்கை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உயரத்தில் நம்மை எவ்வளவு இடத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பது இயற்கை அல்ல. அது கம்பெனிக்காரர்கள் போடுகிற கணக்கு!

'மலைமேல் வைத்தியம் பார்க்கிற சித்த மருத்துவருக்கு விமானத்தைப் பற்றி என்ன கவலை?' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் மலைக்குக் கீழே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. 2018 மார்ச்சில் சென்னைக்குச் சிறிய விமானம் விட்டார்கள். அந்தக் கம்பெனி பிற்பாடு பறப்பதையே நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. துபாயில் மகள், சிங்கப்பூரில் மகன் என்று இருக்கிற குடும்பங்கள் எஸ்டேட் பக்கமும் உண்டு. ஊர் திரும்பியதும் என்னிடம் வருவார்கள்.

"காலு ரெண்டும் மொத்தை மொத்தையா வீங்கிப் போச்சுங்க டாக்டர். செருப்பே நுழையலைங்க. முன் சீட்டு முட்டியில இடிக்குது. நடுவுல உக்காந்ததால எந்திரிக்கவும் கூச்சமா இருந்துச்சு. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமேன்னு தண்ணியும் குடிக்கலைங்க!"

இந்த நாலு வரியில் முழு வியாதியும் இருக்கிறது.

ஆலிவ் காயில் ஆரம்பித்த கணக்கு

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1980-களில் பயணிகளுக்குத் தருகிற சாலட்டிலிருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டு, வருடத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்த கதையை விமானத் துறையில் இன்றைக்கும் சொல்வார்கள். காயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்புறம் கை வைத்தது காலில்!

ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை உள்ள இடைவெளி, ஒரு காலத்தில் சாதாரண வகுப்பிலேயே 34, 35 அங்குலம் இருந்தது. இன்று மலிவு விமானங்களில் 28 முதல் 30 அங்குலம்தான். நம் நாட்டில் அதிகம் பறக்கிற ஏர்பஸ் ஏ 320 ரகத்தில் 180 பேர் உட்காருவது வழக்கம். பின்பக்கம் கழிப்பறையையும் உணவு வைக்கிற இடத்தையும் நெருக்கி அமைத்து, அதை 186 ஆக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விமானத்தில் 78 சீட் வரை போடுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 சீட்டுக்கு ஒரு பணிப்பெண் இருக்க வேண்டும் என்பது விதி. 180 சீட்டுக்கும் நாலு பேர், 186 சீட்டுக்கும் நாலு பேர்! ஆறு பயணிகள் கூடினார்கள். கவனிக்கிற கை ஒன்றுகூடக் கூடவில்லை.

கால் நீட்ட இடமுள்ள முதல் வரிசைக்கும் அவசர வழி வரிசைக்கும் தனிக் காசு கேட்கிறார்கள். அவசர வழி வரிசையில் கர்ப்பிணிகளுக்கும் தள்ளாத முதியவர்களுக்கும் அனுமதி கிடையாது. யாருக்கு இடம் அதிகம் தேவையோ, அவர்களுக்கு அங்கே இடமில்லை!

அடக்கக் கூடாதவை பதினான்கு

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று பதினான்கைச் சொல்வோம். சிறுநீர், மலம், கீழ்க்காற்று, தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், இளைப்பு, வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. உடம்பு தானாகக் கேட்பவை இவை. கேட்கும்போது கொடுக்க வேண்டும். அடக்கினால் வாதம் கெடும், அதிலிருந்து பல நோய் பிறக்கும் என்பது எங்கள் பாடம்.

நெருக்கமான சீட்டில் நான்கு மணி நேரம் உட்காருகிறவர் என்ன செய்கிறார்? பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டுச் சிறுநீரை அடக்குகிறார். அதற்குப் பயந்து தாகத்தை அடக்குகிறார். வயிறு உப்பினாலும் சங்கடத்தில் காற்றை அடக்குகிறார். பதினான்கில் மூன்று போயிற்று! போதாததற்குக் காலை ஆட்டாமல் வைத்திருக்கிறார். கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் கீழே இருக்கிற ரத்தம் மேலே ஏறும். அசையாவிட்டால் ரத்தம் தேங்கும், பாதம் வீங்கும். சிலருக்கு உள் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகவும் வாய்ப்பு உண்டு.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த அபாயம் இரண்டு மடங்காகிறது. அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. பஸ், கார், ரயிலுக்கும் இது பொருந்தும். உடல் பருமன், கர்ப்பத்தடை மாத்திரை, முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ரொம்ப உயரமானவர்களுக்கும், 160 சென்டிமீட்டருக்குக் குறைவான குள்ளமானவர்களுக்கும் கூடுதல் என்று அதே ஆய்வு சொல்கிறது. பாதம் தரையில் படாமல் தொங்கினால், சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் அந்த உயரத்தைத் தாண்டுகிறார்கள், சொல்லுங்கள்?

சிரித்த முகத்துக்குப் பின்னால்...

இதே அடக்குமுறை, டிராலி தள்ளிக்கொண்டு வருகிற பெண்ணுக்கும் உண்டு. சேலத்துப் பக்கத்துப் பெண் ஒருவர், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவர், தூக்கமின்மைக்கும் மாதவிலக்குக் கோளாறுக்கும் என்னிடம் வந்தார். "ஒரு நாள் விடிகாலை மூணு மணிக்கு டூட்டி, அடுத்த நாள் ராத்திரி டூட்டி. பயணிகளுக்கு சாப்பாடு குடுத்துட்டு நாங்க நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்குவோம் டாக்டர். கீழ இறங்கினதும் சீட்டு சீட்டா குப்பையும் நாங்களே பொறுக்கணும்" என்றார். பசி, தூக்கம், இளைப்பு... இவருக்கும் பதினான்கில் மூன்று போயிற்று. நான் என்ன சூரணம் கொடுத்தாலும், டூட்டி நேரத்தை மாற்ற என்னால் முடியாதே!

ஊழியர் வயிற்றில் கை வைப்பது இந்தத் துறைக்குப் புதிதல்ல. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17-ம் தேதி ஜெட் ஏர்வேஸ் நின்றது. இரண்டிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாதக்கணக்கில் சம்பளப் பாக்கியோடு நடுத்தெருவில் நின்றன. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட்டார்கள். 25 பேருக்கு வேலை நீக்கக் கடிதம் போனது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது வாபஸ் ஆனது.

பைலட்டுகளின் களைப்பைக் குறைக்க, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியும், இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்தும் 2024 ஜனவரியில் அரசு புது விதி கொண்டுவந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். அடுத்த மாதமே இண்டிகோவால் போதுமான பைலட்டுகளைக் கொடுக்க முடியாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின! கடைசியில் விதியில் தற்காலிகச் சலுகை கொடுத்துத்தான் சமாளித்தார்கள். ஆட்களைக் கணக்குப் பார்த்து வைத்துக்கொண்டால், தூங்க நேரம் கொடுத்ததும் வண்டி நிற்கிறது. தூக்கமும் அடக்கக் கூடாத வேகம்தான். அதை அடக்குவது நம்மைச் சுமந்து பறக்கிறவர் என்றால், நோய் அவரோடு மட்டும் நிற்குமா?

நீங்கள் செய்யக்கூடியவை

* முந்தின ராத்திரி கொண்டைக்கடலை, பட்டாணி, சோடா வேண்டாம். இட்லி, ரசம் சாதம் போதும்.

* காலி பாட்டில் கொண்டு போங்கள். சோதனை முடிந்ததும் உள்ளே குழாயில் தண்ணீர் பிடித்துக் கொள்ளலாம். அடிக்கடி ஒரு வாய் குடியுங்கள். காப்பி, மது தண்ணீருக்கு ஈடாகாது.

* முடிந்தால் நடைபாதை ஓர சீட் கேளுங்கள். எழுந்து போகக் கூச்சப்படவே வேண்டாம்.

* அரைமணிக்கு ஒருமுறை உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பாதத்தைச் சுழற்றுங்கள்.

* குள்ளமானவர்கள் கைப்பையைப் பாதத்தின் கீழ் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் உயர்த்திக் கொள்ளுங்கள்.

* காது அடைத்தால் ஒரு ஏலக்காயை மென்று எச்சிலை விழுங்குங்கள்.

முக்கியமான எச்சரிக்கை! இரண்டு காலும் சமமாக வீங்கி மறுநாள் வடிந்தால் கவலையில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலோ, தைலம் தேய்த்து நீவாதீர்கள். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். என்னிடமும் வராதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் இது வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் எந்த நாட்டு மருந்தும் சேர்க்கக் கூடாது.

இத்தனையும் தனி மனிதர் செய்துகொள்வது. அங்குலத்தைக் கூட்டுவதும், ஓய்வைக் கூட்டுவதும் அரசு செய்ய வேண்டியது. அமெரிக்காவிலேகூட 'சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு வையுங்கள்' என்று 2018-ல் சட்டம் போட்ட பிறகும் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பஸ்ஸில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைக்கிற நாம், விமானத்தில் காலுக்கு எத்தனை அங்குலம் என்று கேட்க ஏன் தயங்க வேண்டும்? டிக்கெட் மலிவாக இருக்கட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அந்த மலிவுக்கு விலையாக உங்கள் காலையும், அந்தப் பெண்ணின் தூக்கத்தையும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.