விரல் மூட்டும் காந்தப் படமும்

பாவு புணைப்பதும் நாடா ஓட்டுவதும், மணிலாக்கொடி பிடுங்குவதும் நாற்று நடுவதும், மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாருவதும் விரல்களின் வலிமையாலேயே நடைபெறுகின்றன. பெருமுக்கல் மலையைச் சூழ்ந்த ஊர்களில், விரல் மடங்காவிடில் வருவாயும் நின்றுவிடுகிறது. ஆதலின் விரல் மூட்டைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

விரல் எலும்புகளின் முனைகளைக் குருத்தெலும்பு என்னும் வழவழப்பான மெல்லிய உறை போர்த்தியுள்ளது. அதில் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் முதன்மையானது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிற்றைப் போன்றது கொலாஜனின் அமைப்பு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். முறுக்கிழையின் வலிமையை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே தேய்வு தொடங்கும்போது வலி தெரிவதில்லை. தேய்ந்தது எளிதில் மீள வளர்வதுமில்லை.

எக்ஸ்-ரே படத்தில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு இடையிலுள்ள வெளி குறுகியிருப்பதைக் கொண்டே தேய்வை ஊகித்தல் வேண்டும். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படமோ அதனை நேரே காட்டவல்லது. உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தத்தினுள் ஒழுங்குபடுகின்றன. ரேடியோ அலையால் அவற்றை அசைத்தால், பழைய நிலைக்குத் திரும்புகையில் மெல்லிய அலையை எழுப்புகின்றன. அதனைக் கணிப்பொறி படமாக்குகிறது. இம்முறையை வளர்த்தமைக்காக பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்பீல்டு ஆகிய இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். மான்ஸ்பீல்டு குழுவினர் 1977-இல் வெளியிட்ட படம் ஒரு மனித விரலின் குறுக்குவெட்டே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

எனினும் விரலைப் படம் பிடிப்பது எளிதன்று. முழங்காலைவிட இங்கே குருத்தெலும்பு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை எட்டுவதும் அரிது. ஆதலால் கையை நெருங்கிச் சூழும் சிறு கம்பிச்சுருள் வேண்டும். படம் முடியும்வரை கை அசையலாகாது.

வலி என்றவுடன் யாவரும் இப்படத்திற்கு ஓட வேண்டுமா? வேண்டாம். விரல் நுனி மூட்டுகளில் கெட்டியான முடிச்சுகள் தோன்றும் தேய்மானத்திற்கு வைத்தியரின் சோதனையும் எக்ஸ்-ரேயும் பெரும்பாலும் போதும். ஆனால் காலையில் எழுந்தபின் அரைமணி நேரத்திற்கு மேலாகக் கை விறைத்திருந்தால், இரு கைகளிலும் விரலடி மூட்டுகள் வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். இரத்தச் சோதனைக்குப் பின்னும் ஐயம் நீடித்தால், எலும்பு அரிப்பு எக்ஸ்-ரேயில் தெரியும் முன்னரே மூட்டுச் சவ்வின் அழற்சியைக் காந்தப் படம் காட்டிவிடும். அந்நோய்க்கு மருந்து உண்டு. காலந்தாழ்த்தாமல் தொடங்கினால் மூட்டைக் காக்கலாம், தாழ்த்தினால் கோணிய விரல் நிமிர்வதில்லை.

இப்படத்தில் எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு இல்லை. ஆயினும் உடலில் இதயக்கருவியோ, கண்ணில் இரும்புத் துகளோ உள்ளவர்கள் முன்னதாகவே சொல்லிவிடல் வேண்டும். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடல் வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் குறித்த கட்டணத்தில் இத்தகைய படநிலையங்களை நடத்துகிறது. தனியாரிடம் கடன்பட்டுப் படம் எடுக்குமுன் அங்கே விசாரித்தல் நன்று.

கைத்தொழிலுக்குக் கையே முதல். முதலைக் காப்பது கூட்டுறவின் முதற்பாடமன்றோ! வீங்கிய விரலை மறைத்துத் தறியில் அமரும் அங்கத்தினரை இன்றே வைத்தியரிடம் அனுப்பிவைப்போமாக.