ஹாலில் புல் டவர்... கொல்லை ரூமில் ஜீரோ! வை-பை எக்ஸ்டென்டரை எங்கே மாட்டணும்?

காட்டுமன்னார்கோயில்: வாசல் ரூமில் உட்கார்ந்தால் செல்போனில் வை-பை முழுசாக காட்டுகிறது. அதே போனோடு சமையல்கட்டைத் தாண்டினால் போச்சு, வட்டம் சுத்திக்கொண்டே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் தெருவில் இருந்து கொல்லை வரை நீளமாகக் கட்டிய வீடுகளில் இது தீராத தலைவலி. ஆன்லைன் டெஸ்ட் எழுதும் பிள்ளைக்கு பாதியில் லைன் அறுந்தால் அன்றைக்கு வீட்டில் பஞ்சாயத்துதான்.

இதற்கு பலரும் வாங்குவது 'வை-பை எக்ஸ்டென்டர்'. கொசு மருந்து மெஷின் மாதிரி பிளக்கில் நேராகச் சொருகும் சின்ன பெட்டி. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. ஆனால் வாங்கிய கையோடு டவர் கிடைக்காத ரூமிலேயே கொண்டுபோய் மாட்டிவிடுகிறார்கள். லைட் எரியும், நெட் நகராது. 'காசு தண்டம்' என்று பெட்டி பரணுக்குப் போய்விடும்.

தப்பு பெட்டியில் இல்லை, மாட்டிய இடத்தில். எக்ஸ்டென்டர் தானாக நெட் தயாரிப்பதில்லை. ரவுட்டரில் இருந்து வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிறது, அவ்வளவுதான். கீழணையில் இருந்து வடவாற்றில் தண்ணி வந்தால்தானே வீராணம் நிரம்பும்? அதே கதைதான்.

அதனால் ரவுட்டருக்கும் டவர் இல்லாத ரூமுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். எந்த பிளக் என்று சந்தேகமா? அந்த இடத்தில் நின்று போனில் ஒரு வீடியோ போட்டுப் பார்க்கலாம். நிற்காமல் ஓடினால் அதுதான் சரியான இடம். பிரிட்ஜ், இரும்பு பீரோ பக்கத்தில் மட்டும் வேண்டாம். இரும்பு சிக்னலை மறிக்கும்.

இணைப்பது சுலபம். ரவுட்டரில் 'டபிள்யூ.பி.எஸ்.' பட்டன் இருந்தால் அதை அமுக்கிவிட்டு, 2 நிமிடத்துக்குள் எக்ஸ்டென்டர் பட்டனையும் அமுக்கினால் போதும்.

இன்னொரு சங்கதியை கடையில் சொல்ல மாட்டார்கள். அட்டையில் '300 எம்.பி.பி.எஸ்.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவு ரகங்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடுபவை. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதியாகிவிடும். ரவுட்டரிடம் 40 வாங்கினால் போனுக்கு 20 தேறினாலே பெரிசு. வாட்ஸ்அப் கால், யூடியூப் பாடத்துக்கு அது தாராளம். இரட்டை அலைவரிசை ரகம் கொஞ்சம் விலை கூட. அதில் உள்ள 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் மட்டம்.

செலவே இல்லாத வழியும் உண்டு. ரவுட்டர் பல வீடுகளில் டி.வி.க்குப் பின்னால், மூலையில் ஒளிந்திருக்கும். அதை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் மாற்றினாலே பாதி பிரச்சினை தீரும். பைபர் ஒயரை மட்டும் நாமே இழுக்கக்கூடாது. அது கண்ணாடி இழை, மடிந்தால் உடையும். லைன் போட்டவரையே கூப்பிட வேண்டும்.

பழைய காலத்து ஒன்றரை அடி சுவர் வீடா? ரவுட்டரில் இருந்து கொல்லை ரூம் வரை லேன் ஒயர் இழுத்து, எக்ஸ்டென்டரில் சொருகி, 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிடலாம். வேகம் பாதியாகிற பேச்சே கிடையாது. 100 மீட்டர் வரை ஒயர் போகலாம். வாங்கும்போதே பெட்டியில் லேன் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், சில மலிவு ரகங்களில் இருக்காது.

கரண்ட் போனால் எக்ஸ்டென்டரும் அவுட். ரவுட்டருக்கு பேட்டரி வைத்திருக்கும் வீடாக இருந்தாலும், அந்த நேரத்தில் டெஸ்ட் எழுதும் பிள்ளை வாசல் ரூமுக்குத்தான் வர வேண்டும்.