"அண்ணே, ஓடிபி சொல்லுங்க!"

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம், போடியில் வீடு, கம்பத்தில் ஆடிட்டர். இடுக்கி எல்லையில் பலருடைய பிழைப்பு இப்படித்தான். பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்துக்காரர்களுக்குப் பொள்ளாச்சி. இரண்டு மாநிலத்திலும் கடை இருந்தால் ஜிஎஸ்டி எண்ணும் இரண்டு. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். அதையடுத்து வரும் 10 எழுத்துகள் இரண்டிலும் ஒன்றுதான்; அது பான் எண். தனி ஆளாகக் கடை நடத்துபவர் ஒவ்வொரு பில்லிலும் தன் பான் எண்ணை அச்சடித்துத்தான் கொடுக்கிறார்.

மிச்ச ரகசியமெல்லாம் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது. பைலின் உள்அட்டையில் மார்க்கரில் எழுதிய யூசர் ஐடி, பாஸ்வேர்டு. உள்ளே ஆதார் ஜெராக்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், நகைக்கடன் ரசீது. மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் ஆபீஸ் பையனிடமிருந்து போன் வரும்: "அண்ணே, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." அண்ணன் தோட்டத்தில் நின்றபடியே சொல்லிவிடுவார், எதற்கென்று கேட்காமல். ஆதாரையும் பானையும் வைத்து அடுத்தவர் பெயரில் போலி ஜிஎஸ்டி பதிவு எடுப்பது பெருகிப்போய், 2023 மே முதல் ஜூலை வரை நாடு முழுக்கத் தனிச் சோதனையே நடத்த வேண்டி வந்தது.

ஏலக்காய்க்காரருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்பைசஸ் போர்டின் ஏலம் புத்தடியிலும் போடியிலும் நடப்பதால் விலை ஊருக்கே தெரியும். பேங்க் தவணையை எந்த மாதம் கட்டியாக வேண்டும், காயை எத்தனை நாள் இருப்பு வைக்க முடியும் என்பதுதான் வெளியே தெரியக்கூடாது. சின்ன ஊரில் விவசாயியும் வியாபாரியும் ஒரே ஆடிட்டருக்கு 'பார்ட்டி'யாக இருந்தால், டீக்கடையில் ஒரு வார்த்தை நழுவினாலே போதும். அடிமாட்டு விலைக்குக் கேட்க வியாபாரிக்குத் தைரியம் வந்துவிடும்.

சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் வாய் தவறினால் 1949-ஆம் வருடச் சட்டம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. பதிவேட்டிலிருந்து பெயரே நீக்கப்படலாம். ஆனால் நம் ஊர்களில் கணக்கு எழுதுகிற எல்லோருமே 'ஆடிட்டர்'தான். சி.ஏ. படிக்காமல் ரிட்டர்ன் மட்டும் போட்டுக் கொடுப்பவரை அந்தச் சட்டம் தொடாது.

இவர்களையும் சேர்த்துப் பிடிக்க வந்திருப்பது 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். தரவு கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டே பழகிய தேவிகுளம், சித்தூர் தமிழருக்கு இது பெரிய விஷயம். ஆனால், கம்ப்யூட்டரில் ஏறாமல் காகிதமாகவே கிடக்கும் ஜெராக்ஸுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இரண்டு பேர் வேலை செய்யும் ஆபீஸில் இத்தனை ஏற்பாட்டுக்கு எங்கே போவது என்பது ஆடிட்டர்கள் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

என் கவலை வேறு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்ட தோட்டக்காரருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்க ஒரு வழி உண்டு. புதிய சட்டம் முழுதாக வரும்போது அந்தப் பிரிவே நீக்கப்படுகிறது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாமென்றால், தரவுப் பாதுகாப்பு வாரியம் விசாரிக்க வேண்டியதை அங்கே எடுக்கக்கூடாது என்று 39-ஆவது பிரிவு தடுக்கிறது. புகார் பொய் என்றோ அற்பமானது என்றோ வாரியம் முடிவு செய்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். கூலிக்கு ஜீப்பேறி போடிமெட்டைத் தாண்டும் தொழிலாளியின் ஆதாரில் யாரோ கம்பெனி தொடங்கிவிட்டால், இத்தனையும் தெரிந்த பிறகு அவர் புகார் எழுதுவாரா?