காவிரி டெல்டா சாலைகளில் கவனச்சிதறலுடன் வாகனம் ஓட்டுதல்

கவனச்சிதறலுடன் வாகனம் ஓட்டுதல் என்பது வண்டி ஓட்டுபவரின் கண், கை, மனம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று சாலையை விட்டு வேறொன்றின் மேல் செல்லும் நிலையைக் குறிக்கும். கைப்பேசியில் பேசுவதும் செய்தி பார்ப்பதும் இதன் முதன்மையான வடிவங்கள் ஆகும். பின்னால் அமர்ந்திருப்பவரிடம் திரும்பிப் பேசுவது, பாட்டை மாற்றுவது, வழிகாட்டும் வரைபடத்தை உற்றுப் பார்ப்பது ஆகியனவும் இதில் அடங்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரி டெல்டாவில், சாலைகளின் அமைப்பும் வேளாண் பருவமும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

விநாடியும் தூரமும்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். வந்த செய்தி யாருடையது என்று 3 விநாடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலேயே ஓட்டியதாகிறது. தலையை நிமிர்த்தி, எதிரில் இருப்பதை உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் மேலும் ஒரு விநாடியாவது போய்விடும். அதன் பிறகுதான் வண்டியின் வேகம் குறையத் தொடங்கும்.

காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசினால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. 1997இல் கனடாவின் டொராண்டோ நகர ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு எதுவும் கூடவில்லை. கை ஓய்வாக இருந்தாலும் மனம் உரையாடலில்தான் இருக்கிறது. கண் பார்த்ததையே மனம் பதிவு செய்யாமல் விடுவதும் உண்டு. தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகியும், தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியும் பேசிக்கொண்டு செல்லும் இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு, கழுத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்ப்பதும் இயலாமல் போகிறது.

டெல்டா சாலைகளின் இயல்பு

டெல்டாவின் உட்புறச் சாலைகள் பல, ஆற்றங்கரைகளையும் வாய்க்கால் கரைகளையும் ஒட்டியே அமைந்தவை. நீர் வளைந்தால் சாலையும் வளையும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தாழ்ந்த வயல். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பிறகு, தை மாதம் வரை இந்த ஆறுகளில் தண்ணீர் ஓடும். தடுப்புச் சுவர் இல்லாத கரையில் சக்கரம் சற்று விலகினாலும் வண்டி தண்ணீரில்தான் நிற்கும்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் பழைய சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 12 கி.மீ. தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளை அது கடக்கிறது. ஒவ்வொரு பாலத்தை நெருங்கும்போதும் எதிரில் வருவது என்ன, அதற்கு வழி விட வேண்டுமா என்று ஓட்டுபவர் முடிவு செய்தாக வேண்டும்.

அறுவடைக் காலத்தில் சாலையே களமாகிவிடுகிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. மழை ஆண்டுகளில் சில வேளை இந்த வரம்பு தளர்த்தப்படுகிறது. குறுவை அறுவடை முடியும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிடும். உலர்களம் போதாத ஊர்களில் விவசாயிகளுக்குத் தார்ச்சாலையை விட்டால் வேறு இடமில்லை. பாதிச் சாலையில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கற்களை வரிசையாக அடுக்குவார்கள். இருட்டிய பிறகு அந்தக் கற்களும், குவித்துத் தார்ப்பாய் போர்த்திய நெல்லும் அருகில் வரும் வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை விவசாயியின் பொறுப்பின்மை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. ஈரம் என்று நெல் திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு பருவத்து உழைப்பு மழையில் முளைத்துப் போகும். ஆனால் மீதமிருக்கும் ஒற்றைத் தடத்தில் இரு திசை வண்டிகளும் வரும்போது, ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் விலகுவதற்கு இடமே கிடையாது.

சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் உளுந்துச் செடிகளைச் சாலையில் பரப்பி, போகும் வரும் வண்டிச் சக்கரங்களிலேயே காய் உடைய விடும் வழக்கமும் உண்டு. இருசக்கர வாகனம் அதன் மேல் எளிதில் வழுக்கும். இதே காலத்தில் அறுவடை இயந்திரங்கள், பின்விளக்கு இல்லாத டிராக்டர் பெட்டிகள், அகலமாக ஏற்றிய வைக்கோல் வண்டிகள், தாள் வயல்களுக்கு வரும் வாத்துக் கூட்டங்கள், இராமநாதபுரம் பக்கமிருந்து கிடை போட வரும் ஆட்டு மந்தைகள் ஆகியனவும் சாலைக்கு வருகின்றன. மார்கழி, தை விடியலில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நடந்து செல்வோரின் நிலை இதனினும் கடினமானது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணி திருவிழாவுக்கும், சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கும் பெருந்திரளானோர் இரவிலும் விடியலிலும் சாலையோரமாக நடந்து செல்கின்றனர். 2024 ஜூலையில் செங்கிப்பட்டி அருகே, சமயபுரத்துக்கு நடந்து சென்ற பக்தர்கள் மீது சரக்கு வாகனம் மோதியதில் உயிரிழப்புகள் நேர்ந்தன.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 184ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைப் பற்றியது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதையும் இதில் சேர்த்தது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அரசாணைப்படி, வண்டி ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்தினால் முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 10,000 ரூபாயும் செலுத்த வேண்டும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் குலையாத வகையில், கருவியைப் பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதி இடம் தருகிறது.

புள்ளிவிவரங்களின் குறை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். நாடு முழுவதும் கைப்பேசிப் பயன்பாட்டால் இறந்தவர்களாகப் பதிவானோர் 3,395 பேர், அதாவது ஏறத்தாழ 2 சதவீதம். இந்த எண்ணை அப்படியே நம்புவது கடினம். மது அருந்தியிருந்தால் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். மோதிய கணத்தில் கண் எங்கே இருந்தது என்று காட்டும் பரிசோதனை இல்லை. அழைப்புப் பதிவுகளை வாங்கிப் பார்த்தாலன்றி அத்தகைய விபத்து, ‘அதிவேகம்’ என்ற தலைப்பிலேயே பதிவாகிவிடக்கூடும்.

விபத்துக்குப் பின்

காயமடைந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்பவரைக் காவல் துறையோ மருத்துவமனையோ வழக்கில் சிக்க வைக்க முடியாதபடி, சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. தன் பெயரைச் சொல்லவும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் செலுத்துகிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். டெல்டாவில் தலைக்காயம் போன்ற கடுமையான காயங்களுடன் வருவோர் பெரும்பாலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே அனுப்பப்படுகின்றனர். வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து அங்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.