நொடியில் இருபதில் ஒரு பங்கு

மன்னார் வளைகுடாவில் ஆங்கிலேயர் காலத்தில் நடந்த முத்துச் சிலாபங்களில், தோணிகள் கரை தொட்டதும் சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குள் சென்று சேரும். அங்கே குளியாளிகள் தாம் எடுத்தவற்றைத் தம் கையாலேயே மூன்று குவியல்களாகப் பிரிப்பர். அவற்றுள் எது குளியாளிக்கு என்று அரசுப் பணியாளர் சுட்டுவார்; ஏனைய இரண்டும் அரசுக்கு. தனக்கு எது வாய்க்கும் என்று அறியாதவன் மூன்றையும் சமமாக்கவே முயல்வான். பிரிக்கும் வேளையில் அவன் நேர்மையைச் சோதிக்க ஒருவர் தேவைப்படவில்லை. முறையே அதைப் பார்த்துக்கொண்டது.

இதே அறிவுக்கூர்மை ஓர் இளைய விளையாட்டிலும் காணக்கிடக்கிறது. 1968இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து மேப்பிள்வுட் நகரில், பள்ளி மாணவர்கள் தொடங்கிய அல்டிமேட் ஃப்ரிஸ்பீ என்னும் வட்டெறி ஆட்டம் அது. இன்று சென்னைக் கடற்கரை மணலிலும் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் நின்று இதை ஆடுகின்றனர். உலகப் போட்டிகளிலும் நடுவர் இல்லை. உடல் மோதலைத் தவிர்ப்பது ஒவ்வோர் ஆட்டக்காரரின் கடமை. தவறு நேர்ந்ததெனக் கருதுபவர் தாமே குரல் கொடுப்பார். எதிராளி ஏற்றால் தீர்ந்தது. மறுத்தால் வட்டு எறிந்தவரிடமே திரும்பும். அந்த எறிதல் நிகழாதது போல ஆட்டம் தொடரும்.

மோதல் ஏன் நேர்கிறது? வட்டின் எடை 175 கிராம். சுழற்சி அதன் சாய்வை நிலைநிறுத்துகிறது. அதைத் தாங்குவது காற்றோட்டம். எதிர்க்காற்றில் வட்டைத் தழுவும் காற்றின் வேகம் கூடுவதால் தூக்குவிசையும் கூடுகிறது. வட்டு மேலெழுந்து, முன்செல்லும் விரைவை இழந்து, மெல்ல இறங்குகிறது. தூத்துக்குடி முத்துநகர்க் கடற்கரையில், பிற்பகல் கடற்காற்று எழுந்தபின் கடலை நோக்கி எறிந்து பார்த்தால் இது விளங்கும். இறங்கும் வட்டின் கீழே இருவர் வந்து சேரப் போதிய நேரம் கிடைத்துவிடுகிறது. இருவர் கண்களும் வானத்தில்.

நொடிக்கு 5 மீட்டர் விரைவில் எதிரெதிரே ஓடுவோரை எண்ணுவோம். கண்டதற்கு உடல் எதிர்வினை காட்ட ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் அவர்களிடையே 2 மீட்டர் இடைவெளி மறைந்துவிடும். இந்த விரைவில் ஓடும் உடலின் இயக்க ஆற்றல், ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலுக்கு நிகர். மணல் ஓட்டத்தைத் தளர்த்தும், வீழ்ச்சியையும் மென்மையாக்கும். ஆனால் முழங்கை விலாவில் பட்டால் மணல் என்ன செய்யும்?

மோதலைவிட நுட்பமானது அதன்பின் எழும் வழக்கு. "நான்தான் முதலில் அங்கிருந்தேன்" என்று இருவரும் உறுதியாகச் சொல்வர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டை டாங், மைக்கேல் மெக்பீத் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஒளி பாய்ச்சுகிறது. எதிரெதிரே அமர்ந்த இருவர், ஒருவர் கையை மற்றவர் தட்டும்படி சோதனை அமைந்தது. தத்தம் தட்டல், மற்றவருடையதைவிட ஏறத்தாழ 50 மில்லிநொடி முந்தியதாகவே அவர்களுக்குத் தோன்றியது. நொடியில் இருபதில் ஒரு பங்குதான். ஆயினும் மேற்சொன்ன விரைவில் ஓடுபவர் அதற்குள் 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று மிகுதியாகவே, கடந்துவிடுவார். இந்தத் திரிபு களத்திலும் செயற்படுமாயின், அச்சாண் அளவுக்குள் நிகழும் வழக்கில் இருவருமே பொய்யர் அல்லர். புலன் வழங்கிய சான்றையே இருவரும் உரைக்கின்றனர்.

வட்டைத் திருப்பித் தரும் விதியின் அருமை இங்கேதான் புலப்படுகிறது. அது யார் மெய்யர் என்று கேட்பதில்லை. தீர்க்க முடியாத கணத்தை அழித்துவிட்டு முந்தைய நிலைக்குச் செல்கிறது. விளையாட்டு உணர்வைப் பற்றிய உயர்ந்த சொற்களைவிட இவ்விதியையே நான் மேலாக மதிக்கிறேன். வேண்டுமென்றே மறுப்பவனும் இதனால் பயனடைவானே எனலாம், அடைவான்தான்.

அவனுக்காகவே ஆட்டம் முடிந்தபின் ஒரு மதிப்பீடு இருக்கிறது. ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு ஐந்து தலைப்புகளில், 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும். விதிகளை அறிந்து கையாளல், தவறும் உடல் தொடுகையும், நடுநிலை, மனநிலையும் தன்னடக்கமும், உரையாடல் என்பன அவை. தோற்றவரின் கசப்பு அவ்வெண்ணில் கலக்காது என்று உறுதி கூற இயலாது. மேலும், இயல்பான நல்லாட்டத்துக்கு உரிய மதிப்பெண் 2. எனவே 20க்கு 10 பெற்ற புதிய அணி முகம் வாடுமானால், அது பள்ளி விடைத்தாள் நமக்குள் ஊன்றிவிட்ட பழக்கம்.